திறக்காத சாவிகள்: ஒரு முன்னாய்வு

1927 ஜனவரி 18 அன்று தில்லியில் வைசிராய் இர்வின் பிரபு ஒரு கதவின் முன் நின்றார். கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் அவரிடம் தங்கச் சாவி ஒன்றைக் கொடுக்க, அவர் கதவைத் திறந்தார். பின்னாளில் நாடாளுமன்றமாகிய அந்த வட்டக் கட்டடத்துக்கு ஆன செலவு 83 லட்சம் ரூபாய், வேலை ஆறு ஆண்டு, தூண்கள் 144, வாயில்கள் 12. சாவி மட்டும் ஒன்று. மீதிப் பதினோரு வாயில்களைப் பற்றி விழாவில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இந்த ஆய்வு அந்தப் பதினோரு வாயில்களிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடலாம். விக்டோரியா அரசியின் கடைசிக் காலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டாம் உலகப் போர் வரை, பிரிட்டனில் நகர மன்றமோ நூலகமோ பள்ளிக்கூடமோ கட்டி முடிந்தால், திறக்க வரும் பெரிய மனிதருக்கென்று வெள்ளியில் ஒரு சாவி செய்யும் வழக்கம் இருந்தது. பிடியில் எனாமலில் நகரச் சின்னம். மறுபக்கம், இன்னார் இன்ன நாளில் இதைத் திறந்தபோது அளிக்கப்பட்டது என்று செதுக்கெழுத்து. அதன் கீழே கொடுத்தவர் பெயர். பெரும்பாலும் கட்டடக் கலைஞர், இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர். வைத்துக்கொள்ள வெல்வெட் மெத்தையிட்ட பெட்டி. தங்கச் சாவி என்று பேர் வாங்கியவற்றிலும் பல, தங்க முலாம் பூசிய வெள்ளிதான்.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது: திறப்பு விழாச் சாவி தான் திறந்த கட்டடத்தில் ஒரு ராத்திரிகூடத் தங்குவதில்லை. விருந்தினரோடு வண்டியேறிவிடும். அவர் அந்தப் பள்ளியில் படிக்கப்போவதில்லை, அந்த மருத்துவமனையில் படுக்கப்போவதும் இல்லை. மறுநாள் காலையில் கதவைத் திறக்கவேண்டிய வாட்ச்மேனிடம் இருப்பது இரும்புச் சாவி. பேரன் பேத்திகள் காலத்தில் வெள்ளிச் சாவி ஏலத்துக்கு வரும்போது, வாங்குகிறவர் அது எந்தக் கதவுடையது என்று கேட்பதைவிட முத்திரையைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம் இருந்தால் 1773இல் ஏற்பட்ட பர்மிங்ஹாம் மதிப்பீட்டு நிலையத்தில் சோதித்தது. பக்கத்தில் ஆண்டைக் காட்டும் ஓர் எழுத்து.

தரம் பார்த்து முத்திரை வைப்பதை வெள்ளைக்காரன் மூளை என்று நினைப்பவர்கள் விருத்தாசலம் சந்திப்பில் இறங்கவேண்டும். கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, நந்தி ஐந்து, தேர் ஐந்து என்று எல்லாவற்றையும் ஐந்தைந்தாக வைத்திருக்கும் பழமலைநாதர் கோயில் உள்ள ஊர் அது, கணக்கில் கறார். இங்கே சுந்தரர் இறைவனிடம் 12,000 பொன் பெற்றார். மூட்டையைச் சுமந்துபோக மனமில்லாமல் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது வரலாறு. போடுவதற்கு முன்பு மச்சம், அதாவது மாதிரிக்கு ஒரு துண்டு, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்தது. அதற்கும் பாடினார், மாற்று சரியாயிற்று. உரைத்துச் சொன்னவர் என்று திருவாரூரில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் இருக்கிறார். பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், நமக்கு நேரில் பிள்ளையார். சோதனை நிலையத்தின் தொன்மை பற்றி இனி வாதம் தேவையில்லை.

ஆனால், சாவி? தமிழ் மரபு திறப்பு விழாவுக்குச் சாவியைக் கேட்டதாகச் சான்று இல்லை. மிகப் பெரிய திறப்பு விழா திருமறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரண்யத்தில் நடந்தது. வேதங்கள் அடைத்துவிட்டுப் போன கதவு. அப்பர் ஒரு பதிகம் முழுக்கப் பாடியபின் திறந்தது. சம்பந்தர் ஒரு பாட்டுப் பாடியதும் மூடிக்கொண்டது. தமக்கு மட்டும் இவ்வளவு நேரமாயிற்றே என்று அப்பர் வருந்தினார் என்கிறது பெரியபுராணம். திறப்பதைவிட மூடுவது சுலபம் என்பதற்கு இதைவிடப் பழைய பதிவை இந்த ஆய்வு காணவில்லை. வீடுகளிலோ புதுமனை புகுவிழாவில் பசுவும் கன்றும்தான் முதலில் நுழைகின்றன. பசுவுக்குச் சாவி கொடுத்து என்ன பயன்?

வெள்ளி நினைவுப் பொருள்களைச் சரியாகக் கையாண்ட ஒரு விருந்தினரும் நம்மிடம் இருந்தார். 1933-34 ஹரிஜன யாத்திரையில் காந்தி, தமக்குக் கிடைத்த வரவேற்பு மடல்களையும் வெள்ளிப் பொருள்களையும் மேடையிலேயே ஏலம் விட்டு நிதியில் சேர்த்தார். பேரன் காலம்வரை காத்திருக்கவில்லை.

2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டபோது சாவி வழக்கொழிந்திருந்தது. அந்த இடத்தைப் பிடித்தது திருவாவடுதுறை ஆதீனத்தோடு தொடர்புள்ள செங்கோல். 1947இல் சென்னை உம்மிடி பங்காரு செட்டி நிறுவனத்தார் செய்தது. வெள்ளி, மேலே தங்க முலாம். உலோகம் மாறவில்லை, வடிவம்தான் மாறியது. போன இடத்திலேயே தங்கியது என்பதால் முதல் விதிக்கு இது விலக்கு.

இன்று மாவட்டங்களில் புதுக் கட்டடங்களைத் தலைமைச் செயலகத்தில் இருந்தபடியே காணொலிக் காட்சி வாயிலாகத் திறந்து வைக்கிறார்கள். சாவி கார் ஷோரூம்களுக்குப் போய்விட்டது. அங்கே தெர்மாகோலில் வெட்டிய ஆளுயரச் சாவியைக் குடும்பத்தோடு பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, உண்மைச் சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். இர்வின் பிரபுவுக்குக் கிடைக்காத நேர்மையான ஏற்பாடு.

இனிப் பரிந்துரை. திறப்பு விழாச் சாவி மீண்டும் வேண்டுமென்றால் சேலத்தில் வெள்ளி இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு திண்டுக்கல்லில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க, பீங்கான் பட்டறைகள் உள்ள விருத்தாசலத்தால் முடியுமா என்பதே கேள்வி. வெள்ளியைப் பீங்கான் சூளைக்குள் அனுப்ப முடியாது. அது 962 டிகிரி செல்சியஸில் உருகும். போர்சலின் முதிர்வதற்கோ 1,200 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே சாவியையே பீங்கானில் வார்க்கவேண்டும். வார்க்கலாம். ஆனால் பச்சைக் களிமண் காய்ந்து வெந்து வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். பூட்டுக்குப் பொருந்தாது, அழுத்தித் திருப்பினால் பல் தெறிக்கும். சாதாரணச் சாவிக்கு இவை குறைகள். திறப்பு விழாச் சாவிக்கு இவற்றைக் குறையென்று சொல்ல, இதுவரை சொன்ன எதுவும் இடம் தரவில்லை.

இந்த இடத்தில் ஆய்வு எதிர்பாராமல் ஒரு சான்றில் இடறிவிழுந்தது. விருத்தாசலத்துச் சிறு பட்டறைகள் பொம்மையும் விளக்கும் மட்டும் செய்யவில்லை. மின்சார வேலைக்கான பீங்கான் சாமான்களும் செய்கின்றன; அவற்றில் ஒன்று ஃபியூஸ் கேரியர், பேச்சுவழக்கில் பீஸ் கட்டை. அதன் அமைப்பைக் கவனிக்கவேண்டும். பிடிக்கக் கைப்பிடி உண்டு. நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகப் பற்கள் உண்டு. அவற்றுக்கென்றே அளவெடுத்த பள்ளத்தில் சொருகினால்தான் வேலை செய்யும். சாவிக்குரிய இலக்கணம் அத்தனையும் பொருந்துகிறது. அது சொருகப்படாத கட்டடத்தில் மைக் பேசாது, லிஃப்ட் ஏறாது, காணொலியும் வராது. எந்தக் கையால் எந்த வெள்ளிச் சாவியைத் திருப்பினாலும் அந்தக் கட்டடம் திறந்ததாகக் கணக்கில்லை.

எம்.சி.பி. என்னும் தானியங்கி மின்துண்டிப்பான் வந்தபின் பீஸ் கட்டைக்கு மதிப்பில்லை என்று எதிர்வாதம் வரும். அதற்கு மறுப்பு ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது. கரண்ட் பில் கட்டாத கட்டடத்துக்கு லைன்மேன் வருகிறார். கதவைத் தொடுவதில்லை, பூட்டைத் தொடுவதில்லை. பீஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறார்.