ஆம் ஐ ஆடிபிள்?

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் திண்டுக்கல்லைக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். அதற்குள்ளேயே ஆங்கிலம் மலைக்கோட்டை ஏறிவிட்டது. நாகல் நகர் மாடி அறையில் இருக்கும் நம் தம்பியின் நாக்கில்தான் இன்னும் ஏறவில்லை.

ஆகவே ஆங்கிலம் பேசிப் பழக இரவு ஒன்பதுக்கு கூகுள் மீட். வத்தலக்குண்டிலிருந்து ஒருவர், ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர், வேடசந்தூரிலிருந்து கேமராவை அணைத்துவிட்டு ஒரு அக்கா. எல்லோரும் கற்றுக்குட்டிகள். தமிழ் பேசக் கூடாது என்பது சட்டம். முதல் கால் மணி நேரம் 'ஆம் ஐ ஆடிபிள்?' என்பதிலேயே போய்விடும். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் லண்டன்காரன் நம்மிடம் தோற்றுப்போவான்.

பிறகு 'மைசெல்ஃப்...' என்று ஒருவர் ஆரம்பிப்பார். 'சூப்பர் ப்ரோ, செம ஃப்ளோ!' திருத்த ஆள் ஏது? இவர் செய்த தப்பை அவர் மனப்பாடம் பண்ணி மறுநாள் பிசிறில்லாமல் ஒப்பிக்கிறார். சுமாராகப் பேசத் தெரிந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் குழுவிலிருந்து நழுவிவிடுகிறார்.

ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. கோச்சிங் சென்டரில் சிரிப்பும் உண்டு, அதற்கு ஃபீஸும் உண்டு.

நேற்றைய தலைப்பு 'மை ஹாபி'. அத்தனை பேருக்கும் புத்தகம் வாசிப்பதுதான் ஹாபியாம். 'விச் புக்?' என்று வேடசந்தூர் அக்கா கேட்டார். மூன்று பேருக்கு அந்த நொடியே நெட்வொர்க் போய்விட்டது.