மேலுதட்டின் சாட்சியம்: 'கோல்மால்' படத்தில் மீசையும் மெய்ம்மையும்

ஒருவன் யோக்கியனா என்று கண்டறிய மனித குலம் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறது. நன்னடத்தைச் சான்றிதழ், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம், ஜாதகம், பக்கத்து வீட்டு விசாரணை எல்லாம் அவற்றுள் அடக்கம். செலவே இல்லாத முறை மீசை அளவீடுதான். ஏறிட்டுப் பார்த்தால் போதும். இதற்கான முழுமையான செயல்முறை ஆவணம் ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கி 1979-இல் வெளிவந்த 'கோல்மால்' என்ற இந்திப் படம். அதை நகைச்சுவை என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டதால், அதிலுள்ள மீசைத் தரவுகள் இன்றுவரை கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

கோட்பாட்டின் ஆசிரியர், பம்பாய் ஊர்மிளா டிரேடர்ஸ் முதலாளி பவானிசங்கர். மீசை உள்ளவன் மனம் சுத்தம், மழித்தவன் மனம் சந்தேகத்துக்குரியது என்பது அவர் முடிவு. வாலிபன் விளையாட்டுப் பைத்தியமாக இருக்கக் கூடாது, பகட்டாக உடுத்தக் கூடாது என்பவை கிளை விதிகள். பவானிசங்கராக நடிக்கும் உத்பல் தத் இவற்றையெல்லாம் நம்பும் நம்பிக்கையைப் பார்த்தால் நமக்கே கை மேலுதட்டுக்குப் போகிறது. இத்தனைக்கும் அவர் வங்க மேடையின் இடதுசாரிக் கலகக்காரர், 1965-இல் சிறைக்குப் போனவர். முதலாளி வர்க்கத்தின் தத்துவத்தை விளக்க இவரைவிடத் தகுதியானவர் யார்?

ஆய்வுக்குள்ளான நபர் ராம்பிரசாத் சர்மா (அமோல் பாலேகர்): கணக்கர், ஹாக்கி ரசிகர், பாட்டுக்காரர். முதலாளியின் விருப்பு வெறுப்புகளை டாக்டர் மாமா மூலம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, நடிகர் தேவேன் வர்மாவிடம் (படத்தில் அவராகவே வருகிறார்) இரவல் வாங்கிய குட்டைக் குர்த்தாவில் நேர்காணலுக்குப் போகிறார். குர்த்தா குட்டையாக இருப்பதில் துணிச் சிக்கனத்தைக் காண்கிறார் பவானிசங்கர். தன் கோட்பாட்டில் மயங்கியவருக்குச் சான்று எங்கேயும் கிடைக்கும்.

பிறகு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்து ஹாக்கி பார்க்கப் போன இடத்தில் முதலாளியின் கண்ணில் பட்டுவிட, அது நானல்ல, என் இரட்டைச் சகோதரன் லக்கி என்று ஒரு புளுகு. லக்கிக்கு மீசை கிடையாது. ஆகவே உள்ள மீசை சவரக்கத்திக்குப் போய், அலுவலகத்துக்கு ஒட்டுமீசை வருகிறது.

இங்கேதான் நம் ஆய்வின் மையம். மழித்த லக்கி என்ன செய்கிறான்? பாடுகிறான், விளையாட்டை ரசிக்கிறான், முதலாளியின் மகள் ஊர்மிளாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போய்க் காதலில் விழுகிறான். எல்லாம் ராம்பிரசாதின் அசல் குணங்கள். மீசையோடு வரும் ராம்பிரசாதோ எனக்கு ஆட்டம் தெரியாது, பாட்டு தெரியாது, நல்ல சட்டை தெரியாது என்று காலை முதல் மாலை வரை பொய்யிலேயே பிழைக்கிறான். அதாவது பரிசோதனை முழுக்க, மெய்ம்மை வெற்று உதட்டிலும் பொய் மீசையிலுமாகக் குடியிருக்கிறது. பவானிசங்கரின் அளவுகோல் பிழையில்லாதது. தலைகீழாகப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். ஊர்மிளா ஆய்வுக் கருவி ஏதுமின்றி அசலைத் தேர்ந்தெடுத்ததும் கவனிக்கத்தக்கது.

பொய்க்கு இனப்பெருக்க வேகம் அதிகம். இல்லாத அம்மாவாக நடிக்க ஒரு நாகரிகச் சீமாட்டி (தீனா பாடக்) தேவைப்படுகிறார். அவரை வேறு கோலத்தில் முதலாளி பார்த்துவிட, அவருக்கும் ஓர் இரட்டையர் பிறக்கிறார். பிரசவ வலி யாருக்கும் இல்லை.

ஒட்டுமீசை அம்பலமாகும் கட்டம்தான் அறிவியல் வரலாற்றில் இடம்பெற வேண்டியது. சாதாரண மனிதன் இரண்டு பேரும் ஒருவனே என்று முடிவு கட்டியிருப்பான். பவானிசங்கர் அப்படிச் சரிவதில்லை. லக்கி ராம்பிரசாதைக் கொன்றுவிட்டு அவன் மீசையில் உலவுகிறான் என்கிறார்! மீசைக்காரன் பொய் சொன்னான் என்று ஒப்புக்கொள்வதைவிட, மீசைக்காரன் கொலையுண்டான் என்பது அவருக்கு இலகுவாக இருக்கிறது. கோட்பாட்டைக் காப்பாற்ற ஒரு பிணம் தேவைப்பட்டால் ஒரு பிணம். பல்கலைக்கழகங்களில் இவ்வளவு தூரம் போனவர்கள் உண்டு, ஆனால் இவ்வளவு வேகமாகக் காரில் துரத்தியதில்லை.

இந்த ஆய்வைத் தமிழ் மண்ணில் சரிபார்த்தவர் கே. பாலசந்தர். 1981-இல் வந்த 'தில்லு முல்லு'வில் தேங்காய் சீனிவாசன் கோட்பாட்டாளர், சௌகார் ஜானகி வாடகை அம்மா, ரஜினிகாந்த் மேலுதட்டை ஆய்வுக்கு ஒப்படைத்தவர். ஹாக்கி கால்பந்தானதைத் தவிர முடிவில் மாற்றமில்லை. கடைசியில் வக்கீலாக எட்டிப்பார்க்கும் கமல்ஹாசனை இக்கட்டுரை ஆய்வு எல்லைக்கு வெளியே வைக்கிறது. மீசை விஷயத்தில் அவர் ஒருவரே தனி முனைவர் பட்டத்துக்குப் போதுமானவர்.

பம்பாய் முடிவுக்கு வருவோம். உண்மை வெளிவந்து, கல்யாணம் முடிந்து, குடும்பம் புகைப்படத்துக்கு நிற்கிறது. அதில் பவானிசங்கருக்கு மீசை இல்லை. தன் கோட்பாடு பொய்த்ததும் அதைச் சவரம் செய்து ஏற்றுக்கொண்ட ஆய்வாளர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் அடுத்த பதிப்புக்கு முன்னுரை எழுதுவார்கள். இனி நம் முன்னுள்ள கேள்வி ஒன்றே: இந்த விதிப்படி, மழித்த பவானிசங்கரை ஊர்மிளா டிரேடர்ஸில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?