வெறுஞ் சிலிண்டருக்கு ஏன் இந்த மூச்சு?

வா தம்பி, இரு. அந்தக் கதிரையில இல்லை, அதுக்கு ஒரு கால் ஆட்டம். திண்ணையில இரு. என்ன, இப்பிடி மூச்சு வாங்குது? வெறுஞ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஹைலெவல் ரோட்டுக்குப் போனாய், அதையே தூக்கிக்கொண்டு திரும்பி வாறாய். கடைக்காரன் என்ன சொன்னவன்? "இது எங்கட இல்லை, மாத்தித் தரேலாது" எண்டோ? வேற என்ன சொல்லுவான்? ஒருத்தன்ர மாட்டை இன்னொருத்தன்ர பட்டியில கட்ட விடுவாங்களோ?

மூண்டு நாளா நீ போனில கணக்குப் பாத்ததைக் கண்டனான். இந்தக் கம்பனியில இருந்து அந்தக் கம்பனிக்கு மாறினா மாசத்துக்கு எவ்வளவு மிச்சம், வருசத்துக்கு எவ்வளவு மிச்சம் எண்டு கலர்க் கட்டம் போட்டுக் காட்டினாய். வடிவாத்தான் இருந்தது. ஆனா புதுச் சிலிண்டர் வாங்கிற காசு எந்தக் கட்டத்தில கிடக்கு? தேடிப் பார். பழைய ரெகுலேட்டர் புதுசுக்குப் பொருந்துமோ எண்டு ஆரையும் கேட்டனியோ? கேக்கேல்லை. பந்தலைப் போட்டிட்டுப் பொம்பிளை தேடப் போன கதைதான்.

இந்த நாட்டில வீட்டுக் காஸ் எண்டா ரெண்டு நிறம். நீலம் லிட்ரோ, மஞ்சள் லாஃப்ஸ். 2010இல அரசாங்கம் திருப்பி வாங்கினாப் பிறகுதான் லிட்ரோ எண்ட பேர். அதுக்கு முன்னம் ஷெல். 1995க்கு முன்னம் கொழும்பு காஸ் கம்பனி. மூண்டு பேரையும் எங்கட குசினி கண்டிட்டுது. பருப்பு எல்லாற்ற காலத்திலயும் ஒரே மாதிரித்தான் அவிஞ்சது.

2021இல மஞ்சளுக்குத் தட்டுப்பாடு வந்தது. உன்னை மாதிரிக் கெட்டிக்காரர் எல்லாம் நீலத்துக்குப் பாய்ஞ்சவை. அந்த வருசந்தான் "18 லீற்றர்" எண்டு புதுசா ஒரு சிலிண்டர் நீலத்தில வந்தது. உள்ளுக்குக் கிடந்தது 9.18 கிலோ. பழையது 12.5 கிலோ. லீற்றருக்கும் கிலோவுக்கும் வித்தியாசம் பாக்கச் சந்தையில மரவள்ளி விக்கிற ஆச்சிக்குத் தெரியும். எங்கட படிச்ச சனம் வாங்கிக்கொண்டு வந்துதான் விழிச்சுது. ஒக்டோபரில விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்கள். 1,493 ரூபா வித்த 12.5 கிலோ, ஒரே பாய்ச்சலில 2,750. வருச முடிவில அடுப்பு வெடிக்குது எண்டு நாடு முழுக்க ஒரே செய்தி. தேத்தண்ணி போடத் தெரியாத ஆம்பிளையள் எல்லாம் சந்தியில நிண்டு புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு எண்டு விகிதாசாரம் கதைச்சவை. அடுத்த ஏப்ரலில விலை 4,860க்குப் போச்சுது. அந்த விலைக்கும் சாமான் இல்லை.

கியூவில நானும் நிண்டனான். சரியாச் சொன்னா நான் நிழலில, என்ர சிலிண்டர் வெயிலில. ஆரும் இழுத்துக்கொண்டு போகாமல் எல்லாத்தையும் ஒரே சங்கிலியில கோத்து வைச்சிருந்தம். ஒரு மனுசி தன்ர சிலிண்டருக்குப் பொட்டு வைச்சிருந்தா, அடையாளத்துக்கு. எனக்குப் பக்கத்தில ஒரு பெரிய மனுசன், கோட்டுப் போட்ட வக்கீல். ரெண்டு நிறத்திலயும் ஒவ்வொண்டு கொண்டந்தவர். "எது முதல்ல வந்தாலும் எனக்குப் பிரச்சினையில்லை" எண்டு அடிக்கடி சொல்லிக்கொண்டு நிண்டார். பின்னேரம் வரைக்கும் அவருக்குப் பிரச்சினை வரேல்லைத்தான். லொறியும் வரேல்லை.

உன்ர லண்டன் அத்தான் நேற்று வீடியோவில வந்து, "அங்கிள், இங்க ஒரு பட்டனை அமத்தினா கரண்ட் கம்பனி மாறும்" எண்டு பெருமை கதைச்சவர். நான் ஒண்டுதான் கேட்டனான். கம்பனி மாறினா வயரையும் மாத்துவாங்களோ? "இல்லை, அதே வயர்தான்." மீற்றர்? "அதே மீற்றர்." கரண்ட்? "அதே கரண்ட், பில்லில பேர்தான் வேற." அப்ப மாறினது தபால் முத்திரை எண்டு சொல்லன். 2021இல அங்க ஒண்டுக்குப் பின்னால ஒண்டா முப்பது கம்பனிக்குக் கிட்டப் படுத்திட்டுது. மலிவு மலிவு எண்டு ஓடின சனத்தைப் பிடிச்சு வேற கம்பனியளின்ர தலையில கட்டிவிட்டாங்கள். அதுக்குள்ள ஒரு பெரிய கம்பனிக்குப் பேர் பல்ப். பல்பே நூந்து போச்சு தம்பி. பேர் வைக்கேக்கை ஒரு சாத்திரியைக் கேட்டிருக்கலாம்.

இங்க கரண்டில அந்தத் தலையிடி இல்லை. எங்கட கிருலப்பனைக்குக் கரண்ட் தந்தது மின்சார சபை. இப்பிடியே கொஞ்சத் தூரம் நுகேகொடைப் பக்கம் போனா லெக்கோக் கம்பனி. அங்க வீடு மாறினா பில் குறையுமோ எண்டு போன மாசம் என்னட்டைக் கேட்டனி, மறந்திட்டியோ? ரெண்டு பேருக்கும் விலை போடுறது ஒரே ஆணைக்குழு. 2022 ஓகஸ்டில 75 வீதம் கூட்டேக்கை இவையின்ர பில்லும் கூடினது, அவையின்ர பில்லும் கூடினது. வாய்க்காலில கிடக்கிற கபரகொயா கரை மாறிப் படுக்கிற மாதிரி நீயும் மாறிப் படுக்கலாம். நுளம்பு ரெண்டு கரையிலயுந்தான்.

சோலார் போடுவம் எண்டும் சொன்னனி. போடு, நல்ல விசயம். நான் நக்கலடிக்கேல்லை. ஒரு காலத்தில யூனிற்றுக்கு 22 ரூபாப்படி ஏழு வருசம் தாறம் எண்டு சொல்லிக் கன பேர் போட்டவை. ஆனா 2025 சித்திரைப் புதுவருசத்துக்கு மின்சார சபை என்ன சொன்னது தெரியுமோ? "பாவிக்க ஆக்களில்லை, பகலில உங்கட சோலாரை நிப்பாட்டி வையுங்கோ." கூரையில வெயில் வீணாக் காய, கீழ வீட்டுக்காரர் அண்ணாந்து பாத்துக்கொண்டு இருந்தவை. அதுக்கு ரெண்டு மாசம் முன்னம், பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்துக்குள்ள ஒரு குரங்கு பூந்து நாடு முழுக்க இருட்டு. மின்சார சபைக்காரரும் இருட்டில, லெக்கோக்காரரும் இருட்டில. உன்ர கட்டத்தில குரங்குக்கு எந்தக் கலர் போட்டனி?

சரி, முகத்தைத் தொங்கப் போடாதை. முதல்ல ஒண்டு சொல்லு. ஏன் கம்பனி மாத்த வெளிக்கிட்டனி? நெருப்பு மந்தமா எரியுது, காஸில கலப்படம், அதுதான் கெதியா முடியுது எண்டோ? ம். முடிஞ்ச சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த இளந்தாரிக்கு ஏன் இவ்வளவு மூச்சு எண்டு நீ படியேறேக்கையே யோசிச்சனான்.

உள்ள போய் ஒரு செம்பில சுடுதண்ணி கொண்டுவா. கொதிதண்ணி இல்லை, கை பொறுக்கிற சூடு. இப்ப சிலிண்டரின்ர பக்கத்தில மேல இருந்து கீழ ஊத்து. இனி உள்ளங்கையை மேல வைச்சு, மெதுவாக் கீழ இறக்கு. சூடு... சூடு... எங்க குளிருது? அதுதான். அந்த இடத்தில இருந்து அடி வரைக்கும் காஸ் கிடக்கு. ஒரு சாண் இருக்குமே? அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில குடுக்கப் பாத்தனி. நல்லகாலம், அவன் வாங்கேல்லை.

போன வெள்ளிக்கிழமை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சது எண்டு உன்ர மனுசி மாமியிட்டச் சொன்னவ. பர்னரைக் கழட்டிப் பார். ஓட்டையெல்லாம் பால் காய்ஞ்சு அடைச்சுக் கிடக்கும். ஒரு ஊசி காணும். வீட்டில ஊசி இருக்கோ? இல்லையோ? போனைக் கீழ வை, அதுக்கும் ஓடர் போட்டிடாதை. மாமியிட்டக் கேள், தையல் பெட்டிக்குள்ள கிடக்கும்.