பட்டியல் போட்ட மாப்ளைக்கு நாலு நாயம்

மாப்ளே, உன்ற பட்டியலப் பாத்தேன். 'இந்த வருசம் படித்ததில் பிடித்த நாவல்கள்'னு தலைப்புப் போட்டு 50 பேரு எழுதியிருக்கற. என்ற தங்கச்சி, அதான் உங்கம்மா, போனக் கொண்டாந்து என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டி, "பாருண்ணா, பையன் எத்தன படிக்கறான்"னு பூரிச்சுப் போனா. நானும் கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டு, மேலயிருந்து கீழ வரைக்கும் படிச்சேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சரவணம்பட்டியில ராத்திரி வரைக்கும் ஆபீசுங்கற. சனி ஞாயிறானா ஆனைகட்டிக்கு வந்து எங்கூட்டுத் திண்ணையில குப்புறப் படுத்தா, சோறு திங்கத்தான் எந்திரிக்கற. எப்பப்பா படிச்ச? தூங்கறப்ப ஆராச்சும் காதுல வாசிக்கறாங்களா?

கோவிச்சுக்காத. குத்தஞ் சொல்ல வரல. சோதனைச் சாவடியத் தாண்டி அக்கட்டால போனா கேரளா. அங்க ஜூன் 19 வாசிப்பு தினம். 1945ல திருவிதாங்கூர்ல நூலகச் சங்கம் ஆரம்பிச்ச பி.என். பணிக்கரோட நெனைவு நாளு அது. அவங்க படிக்கறதுக்கு ஒரு நாள் வெச்சிருக்காங்க. நாம பட்டியல் போடறதுக்குன்னு டிசம்பர் மாசம் முழுக்க ஒதுக்கி வெச்சிருக்கறோம். அதனால பட்டியல் போடறது தப்பில்ல. உனக்கு அதுல தொழில் பத்தல, அவ்வளவுதான். பெரியவன் சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல, அளவோட பொய் சொல்லோணும். ஏழாம் நம்பர்ல 'வெண்முரசு முழுத்தொகுதி'ன்னு எழுதியிருக்கற. ஜெயமோகன் அத 2014 சனவரியில ஆரம்பிச்சு, தெனம் ஒரு அத்தியாயம்னு எழுதி, 2020லதான் முடிச்சாரு. மொத்தம் 26 நாவல். எழுதின மனுசனுக்கே ஆறரை வருசம் ஆச்சு. நீ அதையும் முடிச்சு, மிச்சம் 49ஐயும் முடிச்சு, பொறவு தீவாளிக்கு மூணு படமும் பாத்திருக்கற. ஆரு நம்புவா? அவரோட விஷ்ணுபுரத்தோட நிறுத்தியிருக்கலாம். 1997ல வந்தது, தலைக்கு வெச்சுப் படுக்கலாம், அத்தாச் சோடு. படிச்சியான்னு கேக்க வர்றவனும் பாதியில விட்டவனாத்தான் இருப்பான். ரெண்டு பேரும் 'பிரமாதம்'னு தலையாட்டிக்கிட்டு டீக்குடிக்கப் போயிரலாம்.

அடுத்தது, சினிமாவப் பாத்துட்டு நாவல் பேர எழுதறப்ப சூதானம் வேணும். அன்னிக்கு வாசல்ல உக்காந்து, "சேந்தன் அமுதன் கடைசில என்ன ஆனான் மாப்ளே?"ன்னு சும்மாதான் கேட்டேன். "அவன் சைடு கேரக்டர் மாமா"ன்னுட்ட. கல்கி 1950லருந்து 1954 வரைக்கும் வாராவாரம் பொன்னியின் செல்வன எழுதி, கடைசில அந்தப் பூக்கட்டற பையன் தலையிலதான் சோழ நாட்டு மகுடத்தையே வெச்சாரு. மணிரத்னம் அந்த முடிச்ச எடுத்துட்டாரு. அது அவுரு பாடு. மாட்டிக்கிட்டது நீயி.

எரியும் பனிக்காட்டுலயும் அதே கோளாறுதான். 'கதாநாயகி ஊரில் காத்திருப்பது மனதை உருக்கியது'ன்னு உருகியிருக்கற. அவ காத்திருந்தது பாலா எடுத்த பரதேசி படத்துல மாப்ளே. நாவல்ல வள்ளி, கருப்பனோடவேதான் திருநெல்வேலிச் சீமையிலருந்து கிளம்பி மலையேறிப் போறா. அவளும் கொழுந்து பறிக்கறா, அவளும் அட்டைக்கு ரத்தம் குடுக்கறா. எழுதின பி.எச். டேனியல் வால்பாறைத் தோட்டத்துல டாக்டரா இருந்தவரு. 1969ல இங்கிலீசுல வந்தத, இரா. முருகவேள் 2007ல தமிழுக்குக் கொண்டாந்தாரு. படம் வந்தது 2013ல. ஆனைமலைக் குளுருல அந்தப் பொம்பள பட்ட பாட்ட நீ ஒரே வரியில ஊருக்குத் திருப்பி அனுப்பிட்ட.

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு மொனகறது கேக்குது. கொடிசியா புத்தகத் திருவிழாவுல வாங்கி, பையோட ஒரு போட்டோ எடுத்து, "ரூம்ல எடமில்ல மாமா, இங்க கெடக்கட்டும்"னு எங்கூட்டு அட்டாலியில தூக்கிப் போட்டுட்டுப் போனியே, அந்த மூட்டைய அவுத்தது நாந்தான். பாதிப் பொஸ்தகத்துல கண்ணாடித்தாளு கூட பிரிக்கல. பிரிச்சது என்ற நகம். உன்ற பட்டியல்ல பொய்யின்னு எதுவும் இல்ல. படிச்ச ஆளு பேரு மட்டும் மாறிப்போச்சு.

பாலக்காட்டுப் பக்கமாச்சேன்னு கசாக்கின் இதிகாசத்தத்தான் மொதல்ல எடுத்தேன். ஓ.வி. விஜயன் எழுதி 1969ல பொஸ்தகமா வந்தது. யூமா வாசுகி தமிழ்ல பண்ணி சாகித்ய அகாதமி பரிசே வாங்கினாரு. தசராக்குங்கற சின்ன ஊர்ல விஜயனோட தங்கச்சி ஓராசிரியர் பள்ளியில டீச்சரா இருந்தாங்க. அந்த ஊரத்தான் அவுரு கசாக்கு ஆக்கினாரு. நீ 'மாய யதார்த்தத்தின் உச்சம்'னு எழுதியிருக்கற. அதுல ஒரு மாயமும் என்ற கண்ணுல படல. கள்ளெறக்கற பொழப்புப் போன குப்பு அச்சன், சுமைதாங்கிக் கல்லு மேல உக்காந்து ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரு நாயத்தையும் பேசறான். அவனப் பாக்க நீ பாலக்காடு போகோணுமா? நம்ம பஸ் ஸ்டாப்புல சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து நில்லு. அந்தக் கடைசிப் பக்கத்துல கதாநாயகன் ரவி பஸ்சுக்குக் காத்திருக்கறப்ப என்ன நடந்துச்சுன்னு கேட்டா, 'ஓபன் எண்டிங்'குங்கற. அங்க ஒரு பாம்பு இருக்குது மாப்ளே. படிச்சவன் மறக்க மாட்டான்.

அப்பறம் சோளகர் தொட்டி. இதுல நான் விளையாட மாட்டேன். வக்கீல் ச. பாலமுருகன் 2004ல எழுதினது. முன்பாதியில சத்தியமங்கலத்துக் காட்டுச் சோளகருங்க ராகி வெதைக்கறாங்க, தேனெடுக்கறாங்க, ஊர்த் தலைவரு கொத்தல்லி முன்னால நாயம் பேசறாங்க. பின்பாதியில வீரப்பனத் தேடறோம்னு போலீஸ் வருது. நம்ம காட்டு வேலைக்கு வர்ற இருளர் பெரியவருக்கு மத்தியானம் சோத்துக்கப்பறம் கொஞ்சங் கொஞ்சமாப் படிச்சுக் காட்டினேன். முன்பாதி முழுக்க, "ஆமாங்க, இப்படித்தானுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. தேனெடுக்கற எடத்துல என்னைய நிறுத்தி, நம்ம மலையில எப்படி எடுப்பாங்கன்னு கைய ஆட்டி ஆட்டிச் சொன்னாரு. பின்பாதியில சிவண்ணன் பொண்டாட்டி மாதியக் கூட்டிக்கிட்டுப் போற எடம் வந்ததும், "போதுங்க, மூடி வைங்க"ன்னு மம்பட்டிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நீ அதுக்கு அஞ்சுக்கு நாலரை நட்சத்திரம் போட்டிருக்கற. அந்த அரை நட்சத்திரத்த எதுக்குப்பா புடிச்சு வெச்சுக்கிட்ட?

மனசு கனத்துப் போச்சுன்னு அதுக்கப்பறம் பஷீர எடுத்தேன். உப்பப்பாவுக்கு, அதான் தாத்தாவுக்கு, ஆனை இருந்த கதை, 1951ல மலையாளத்துல வந்தது, கையடக்கமான பொஸ்தகம். கதாநாயகி குஞ்ஞுபாத்தும்மாவோட அம்மாக்காரி, கஞ்சிக்கே வழியில்லாமப் போனப்பறமும், எங்கப்பாவுக்குப் பெரிய கொம்பானை இருந்துச்சுன்னு பீத்திக்கிட்டே இருக்கறா. கடைசில தெருப் பசங்க அது குழியானைன்னு போட்டு ஒடைக்கறாங்க. மண்ணுல குழி பறிச்சு எறும்பப் புடிக்குமே, அந்தப் பூச்சி. நடு ராத்திரியில நான் ஓன்னு சிரிச்சுட்டேன். உங்கத்தை வெளக்க அணைச்சு, "சத்தம் போடாதீங்க, பலாமரத்துக்கிட்ட ஆனை நிக்குது"ன்னா. "அதுவும் குழியானையாத்தான் இருக்கும்"னேன். விடிஞ்சு போய்ப் பாத்தா, காஞ்ச மரத்த சோலார் வேலி மேல சாச்சு, கம்பிய மண்ணோட அமுக்கி, அது மேலயே நடந்து வந்து, பலாப்பழத்த ஒண்ணு விடாமத் தின்னுட்டுப் போயிருக்குது. பட்டா வெச்சிருக்கறவன் நான், வெள்ளாமை எடுக்கறது அது. உங்கத்தை அன்னிக்குப் பூரா எங்கிட்டப் பேசல. உன்ற பட்டியலப் பாத்ததும் எனக்கு அந்த உப்பப்பாவோட ஆனைதான் ஞாபகம் வந்துச்சு.

இப்ப முக்கியமான நாயத்துக்கு வர்றேன். நாகம்மாள். தாராபுரத்துக்கிட்ட கீரனூர்க்காரரு ஆர். சண்முகசுந்தரம், எளவயசுலயே எழுதினது, 1942ல பொஸ்தகமா வந்துச்சு. நம்ம கொங்கு நாட்டுப் பேச்ச நாவலுக்குள்ள கொண்டாந்த மொத ஆளு. ஒல்லிப் பொஸ்தகம். புருசனச் சாகக் குடுத்த நாகம்மா, காட்டுல எம்பங்கப் பிரிச்சுக் குடுன்னு கேக்கறா. கொழுந்தன் சின்னப்பன் கெட்டவன் இல்ல. அவம் பொண்டாட்டி ராமாயி தங்கமானவ. கெட்டியப்பனும் மணியக்காரரும் பின்னால நின்னு ஊதி விடறாங்க. கடைசில ரத்தம் சிந்தித்தான் முடியுது. மொதல்ல படிச்சப்ப நான் சின்னப்பன் பக்கம். மறுக்காப் படிச்சப்ப நாகம்மா பக்கம். இது ஆகற கதையில்லைன்னு உங்கம்மாவக் கூப்பிட்டு முழுக்கதையும் சொல்லி, நாயம் கேட்டேன். அவ பருப்புப் பொடைச்சுக்கிட்டிருந்தவ மொறத்தக் கீழ வெச்சுட்டு, "அவ கேட்டதுல என்னண்ணா தப்பு?"ன்னா. கொரல் கொஞ்சம் ஒசந்துச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்கய்யன் காட்டுல அவளுக்கும் பாத்தியம் இருக்குதில்ல! பொண்ணுக்கும் பூர்வீகத்துல பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் போட்டாச்சு. 2005ல டெல்லியிலயும் போட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே நாகம்மாள எடுத்து நெல்லுக் குதிருக்குப் பின்னால சொருகிட்டேன்.

புடிச்ச நாவல்னா அது இப்படி ஊட்டுக்குள்ள ஒரு ராவுடியாச்சும் பண்ணியிருக்கோணும் மாப்ளே. ஒருத்தர் மம்பட்டிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போகோணும், பொண்டாட்டி பேசாம இருக்கோணும், கூடப் பொறந்தவ பருப்பு மொறத்தக் கீழ வெக்கோணும். உன்ற 50ல எது உனக்கு என்ன பண்ணுச்சு, ஒண்ணு சொல்லு. 'என்னைப் புரட்டிப் போட்டது'ன்னு பதினேழு எடத்துல எழுதியிருக்கற. திண்ணையில படுத்தவன் படுத்தபடிதான் இருக்கற; நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கறேன்.

அதனால ஒரு ஒப்பந்தம். வர்ற வருசமும் நீ வாங்கிக் கொண்டாந்து போடு. கொஞ்சம் பெரிய எழுத்தாப் பாத்து வாங்கு. நான் படிச்சு, ஆரு செத்தாங்க, ஆரு பொழச்சாங்கன்னு எழுதித் தர்றேன். எவன் மடக்கிக் கேட்டாலும் நீ மாட்ட மாட்ட. படிக்கோணும்னு நெசமாவே ஆசை வந்தா, அட்டாலியில இருக்கற எத வேணாலும் எடுத்துப் படி. நாகம்மாள் மட்டும் உனக்கு வேண்டாம். அது பட்டியலோடவே இருக்கட்டும். குதிருக்குப் பின்னால கையும் உடாத, அங்க தேளு இருக்குது.