பேய்க்கதையும் பற்றிஸும்

கேள்வி: பேய்க்கதை எழுதும் கொட்டாஞ்சேனை இளைஞர் ஒருவர் எழுத்தாளர் மாநாட்டுக்குச் சென்றால் வளர்வாரா?

பதில்: உடல் வளர்ச்சியில் ஐயமில்லை, இடைவேளைத் தேநீருடன் பற்றிஸும் வரும். எழுத்தைப் பொறுத்தவரை, 2011 ஜனவரியில் வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் கூடிய சர்வதேசத் தமிழ் எழுத்தாளர் மாநாடு பொது இலக்கியத்துக்குரியது. பேய், துப்பறிதல், அறிவியல் என வாசகர் முன்கூட்டியே எதிர்பார்க்கும் மரபுகளுக்குள் இயங்கும் வகைமைப் புனைகதைக்கோ, 1939இல் நியூயோர்க்கில் தொடங்கிய உலக அறிவியல் புனைகதை மாநாடு போன்ற தனிமேடைகள் உண்டு. அங்கே எழுத்தாளரும் இரசிகரும் கலந்தமர்வதால், சலித்துப்போன திருப்பம் எதுவென்பது விரைவில் தெரிந்துவிடும். 1956இல் அம்மாநாட்டின் சிறப்பு விருந்தினராயிருந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், அதே ஆண்டில் இலங்கையில் குடியேறிப் பின்னர் கொழும்பிலிருந்தே எழுதினார். மாநாட்டுக்குச் சில நாள் போக, மேசைக்கு ஐம்பது ஆண்டு கிடைத்தது.