அப்பத்தாவின் காலும் வாத்து நாற்காலியும்

என் பேரனுக்கு இரண்டரை வயது. அவன் கக்கா போகப் பழகுவதற்குச் செல்போனில் ஒரு செயலி, சுவரில் ஓர் அட்டவணை, நட்சத்திர ஸ்டிக்கர் தாள், உட்கார்ந்தால் பாடும் மஞ்சள் வாத்து நாற்காலி எல்லாம் இருக்கின்றன. அதே வேலைக்கு எனக்கு இருந்தவை அப்பத்தாவின் இரண்டு கால்கள்.

மகள் இந்தச் சாமான்களையெல்லாம் ஒரு பெட்டியில் அடைத்து, சென்னையிலிருந்து போடி ரயிலில் கொண்டுவந்து இறக்கினாள். மீட்டர் பாதை ரயில் 2010 முடிவோடு நின்றுபோனது. அகலப் பாதையில் மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். அந்த இடைவெளியில் ஊர்ப் பிள்ளைகள் பழந்துணியிலிருந்து டயப்பருக்கு மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் பழைய வேட்டியைக் கிழித்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்குக் காணும். இப்போது ஏலக்காய்க் கடைத் தெருவில்கூட, தோரணம்போல டயப்பர் பாக்கெட் தொங்காத கடை குறைவு.

அப்பத்தாவின் முறை இதுதான். பிள்ளைக்குக் கழுத்து நின்றதும், வாசல் ஓரமாகச் சுவரில் சாய்ந்து கால் இரண்டையும் நீட்டி உட்காருவார். பாதங்களுக்கு மேலே, கணுக்கால் இடுக்கில் பிள்ளையைக் குந்த வைப்பார். அக்குளில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டு "உஸ்ஸ்..." என்று ஒரு சத்தம். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் ஒருமுறை, தூளியிலிருந்து எழுந்ததும் ஒருமுறை. முடிந்ததும் அடுப்புச் சாம்பலைத் தூவி அட்டையால் அள்ளிவிட்டு, செம்புத் தண்ணீரில் கழுவிவிடுவார். இடுப்பில் அரைஞாண் கொடி தவிர வேறொன்றும் இருக்காது. ஆகவே கழற்றுவது, மாட்டுவது என்ற கலையைப் பிள்ளை கற்க வேண்டிய அவசியமே வரவில்லை. நடக்கத் தொடங்கும்போது அது தானாகவே வாசலைப் பார்த்து ஓடும்.

போடிக்காரர்கள் கண்டுபிடித்ததாக இதைப் பெருமை அடித்துக்கொள்ள முடியாது. கென்யக் கடற்கரையில் டிகோ இன மக்களிடம் இதே வழக்கத்தைப் பார்த்து, 1977இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அங்கும் தாய் காலை நீட்டி உட்கார்கிறாள், அங்கும் அதே சத்தம். ஐந்தாறு மாதத்திலேயே பிள்ளைகள் பழகிவிடுகின்றன என்று படித்து அமெரிக்க மருத்துவர்கள் வியந்தார்கள். அவர்கள் ஊரில் அதற்குள் பிரேசில்டன் என்ற குழந்தை மருத்துவரின் சொல்தான் வேதமாகியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து அவர் 1962இல் எழுதினார்: அவசரப்படுத்தாதீர்கள், பிள்ளைக்கே பக்குவம் வரட்டும். நல்ல மனிதர், நல்ல யோசனை. அதற்கு முந்தின வருஷம்தான் பேம்பர்ஸ் கடைக்கு வந்திருந்தது. 1990களின் கடைசியில், வளர்ந்த பிள்ளைகளுக்கான பெரிய அளவு பேம்பர்ஸ் விளம்பரத்தில் அதே மருத்துவர் தோன்றினார். பக்குவம் தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை, பாருங்கள்.

என் மகளும் பிரேசில்டன் கட்சி. "அம்மாச்சி, அவனை வற்புறுத்தக் கூடாதாம்" என்று என் அம்மாவிடம் சொன்னாள்.

"நாங்க எங்கடி வற்புறுத்துனோம்? காலை நீட்டுனோம், அம்புட்டுத்தேன்."

"இப்ப நீட்டிக் காட்டுங்க பாப்போம்."

அம்மா கொள்ளுப்பேரனை ஏற இறங்கப் பார்த்தார். "இம்புட்டுப் பெரிய ஆளையா? இந்த வயசுல உங்க மாமனைக் கடைக்கு அனுப்பிச்சு உப்பு வாங்கியாரச் சொல்லியிருக்கேன்."

அந்த மாமன், அதாவது என் தம்பி, மலையில் பழகினவன். அம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு வளைவுகளில் சுற்றிச் சுற்றிக் கேரள எல்லைக்குள் நுழைந்து, இருட்டும்போது திரும்புவார். பால்குடி மறக்காத தம்பியை மட்டும் ஒரு பருவம் முழுக்க மேலேயே வைத்துக்கொண்டு, தோட்டத்து லயத்தில் தங்கினார். நிழல்மரக் கிளையில் தூளி. கீழே அட்டைப்பூச்சிக்குப் பயந்து பொடியும் சுண்ணாம்பும். வரிசையில் குனிந்து காய் எடுத்துக்கொண்டே, பிள்ளை முனகுவதை வைத்து இது பசி, இது மூச்சா என்று பிரித்துவிடுவாராம். ஏலக்காயைப் பழுக்கும் தறுவாயில், பச்சை மாறுமுன் எடுக்க வேண்டும். பிஞ்சில் எடுத்தால் சுருங்கும், பழுத்துவிட்டால் உலரும்போது வெடிக்கும். ஒரே சரத்தில் மூன்று பக்குவமும் இருக்கும், விரல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பக்குவமும் அம்மாவுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

மழைக்காலத்தில் துணி காய்வதுதான் பெரும்பாடு. கீழே போடி மழை மறைவில் வெயில் காயும். மேலே தென்மேற்குப் பருவக்காற்று வாரக்கணக்கில் ஓயாது. காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் விறகுச் சூட்டில் ஐம்பது டிகிரி வாக்கில் அனல் இருக்கும். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோவாகும் இடம் அது. அதன் வெளிச்சுவரில் அம்மா தம்பியின் துணிகளைக் காயப் போட்டார். கங்காணி பார்த்துவிட்டுப் பேயாட்டம் ஆடினார். காரணம் இல்லாமல் இல்லை, ஏலக்காய் பக்கத்து வாடையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். எந்த ஊர்ப் பாயசத்திலோ என் தம்பி கொஞ்சம் கலந்திருக்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று முடித்தால் அம்மா என்னை விளக்குமாற்றால் அடிப்பார். வாசலோரமும் ஓடைக்கரையும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவற்றில் குடற்புழுவும் டைபாய்டும் உண்டு. பிள்ளை மலத்தில் தோஷமில்லை என்ற நம்பிக்கையால் எத்தனையோ சின்ன வயிறுகள் வற்றிப்போயின. இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் நினைத்த இடத்தில் குந்தின அதே வருஷங்களில், எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் நேர்மாறான பயிற்சியில் இருந்தார்கள். வெளிக்குப் போக விடியுமுன் ஒரு நேரம், இருட்டின பின் ஒரு நேரம். ஜீப்பில் ஆண்களோடு நெருக்கியடித்துப் போகும்போது வண்டியை நிறுத்து என்று எந்தப் பெண் சொல்வாள்? வேலைக்குப் போகும் நாளில் அம்மா செம்பையே தொடமாட்டார். தண்ணீர் குடித்தால்தானே வம்பு. 1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வசதியான இடத்தில் கழிப்பறை வேண்டும் என்றது. ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றது. சிறு தோட்டங்களுக்குள் சட்டம் நுழையவில்லை, அம்மா பார்த்த கழிப்பறை ஏலச்செடித் தூருக்குப் பின்பக்கம்தான்.

இப்போது வீட்டில் கதவு வைத்த கழிப்பறை இருக்கிறது. பேரனுக்கு வாத்தும் இருக்கிறது. அவன் அதன்மேல் உட்கார்ந்து பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, எழுந்து திரைச்சீலைக்குப் பின்னால் போய், முகம் சிவக்க நின்றபடியே டயப்பரில் காரியத்தை முடிப்பான். உள்ளே இருக்கும் பொடி ஈரத்தைக் குடித்துக் களியாக வீங்கிவிடுவதால் அவனுக்கு நனைந்ததே தெரிவதில்லை. தெரியாத ஈரத்திலிருந்து எதைக் கற்பது? டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்கச் சொன்னது 2016ஆம் வருஷத் திடக்கழிவு விதி. கொட்டக்குடி ஆற்றோரம் நடந்துபாருங்கள், விதியைப் படிக்காதவர்களின் கணக்கு அங்கே மிதக்கும். காலணா பெறாத அந்தக் காலை நீட்டும் முறையை இப்போது ஆங்கிலப் பெயரில் புத்தகமாகவும் வகுப்பாகவும் விற்கிறார்களாம். அப்பத்தாவுக்குக் காப்புரிமை என்று ஒன்று இருப்பது தெரியாது.

கடைசியில் வாத்தும் அசைக்கவில்லை, செயலியும் அசைக்கவில்லை. அம்மா கழிப்பறைக்குள் போனால் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நெடுநேரம் இருப்பார், அவசரமே கிடையாது. உள்ளே என்னதான் நடக்கிறது என்று பேரனுக்குத் தாங்கவில்லை. கதவைத் தட்டினான், அழுதான். பிறகு வாத்தை இழுத்துக்கொண்டுபோய்க் கதவுக்கு எதிரே போட்டு, டயப்பரைத் தானே பிடுங்கியெறிந்துவிட்டு உட்கார்ந்தான். அம்மா வெளியே வந்தபோது காரியம் முடிந்திருந்தது.

மகள் கைதட்டி, அட்டவணையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினாள். அம்மா முந்தானையில் கை துடைத்தபடி கேட்டார்: "அவன் போனதுக்கு ஒண்ணுன்னா, நான் அடக்குனதுக்கு எத்தனைடி ஒட்டுவ?"

மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் இருந்ததே ஒரு மாதத்துக்கான கட்டங்கள்தான்.