இஷாபூர் ரைபிளும் புங்கனூர் மாடும்

கொலம்பஸ், ஒஹையோ

அன்புள்ள நைனாவுக்கு,

"கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவனுக்குப் பட்டாளத்துப் பழைய துப்பாக்கி எதற்கு? வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் எதை வாங்குவாய்?" என்று கேட்டிருந்தீர்கள். முதல் கேள்வி அம்மாவுடையது, இரண்டாவது உங்களுடையது என்று படிக்கும்போதே தெரிகிறது. உங்களுடையதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுடையதற்குத் தைரியம் சேர்த்துக்கொண்டு பிறகு வருகிறேன். உலகத்துப் பட்டாளங்கள் கழித்துப்போட்ட ரைபிள்களெல்லாம் கடைசியில் இந்த நாட்டுக் கடைகளில்தான் வந்து சேர்கின்றன. 1968-ல் வந்த சட்டம் இந்த இறக்குமதிக்குக் கதவைச் சாத்தியது. 1984-ல் பழம்பொருள் என்று வகைப்படுத்தியவற்றுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். 50 வயது தாண்டிய ரைபிளுக்கு இங்கே சேகரிப்போர் லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 30 டாலர். கிரீன் கார்டு உள்ளவர்களும் படிவம் நிரப்பி, பின்னணி விசாரணைக்கு உட்பட்டுக் கடையில் வாங்கலாம். வாங்கியவர்கள் சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய்க் காகிதத்தில் ஓட்டை போடுகிறார்கள். அந்தக் காகிதத்தையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள் என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

எதை வாங்குவது என்பதில் என் கட்சி ஒன்றுதான்: துப்பாக்கியைப் பார்த்து வாங்காதே, தோட்டாவைப் பார்த்து வாங்கு. புங்கனூர்க் குட்டை மாட்டை நம் ஜில்லாக்காரர்கள் ஏன் கொண்டாடினார்கள்? கொம்பும் உயரமும் பார்த்தா? கொஞ்சம் தீனி தின்று வீட்டுக்கு வேண்டிய பாலைக் கொடுக்கிறது, அதனால்தானே. ரைபிளுக்கு விலை ஒருமுறை. தீனி ஆயுள் முழுவதும். மாதம் இரண்டு தடவை, தடவைக்கு 40 தோட்டா என்று வைத்தால் வருடத்துக்கு 960. தோட்டா ஒன்றுக்கு அரை டாலர் கூடினாலே வருடத்துக்கு 480 டாலர், ஐந்து வருடத்தில் 2,400. இந்தப் பெருக்கலைப் போடாமல், கட்டையின் மெருகையும் முத்திரையின் அழகையும் பார்த்து மயங்குகிறவர்கள்தான் அதிகம்.

என் கட்சிக்கு முதல் சாட்சி ரஷ்யாவின் மோசின்-நாகாந்த். 1891-ல் பிறந்த மாதிரி; கோடிக்கணக்கில் செய்து குவித்தார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் நூறு டாலரை ஒட்டிய விலைக்கே கிடைத்தது. 440 தோட்டா அடைத்த தகர டப்பாவும் மலிவு. அன்றைக்கு யாராவது யோசனை கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பழைய இருப்பு என்பது அன்னதானம் மாதிரியா நடக்கும், நாளைக்கும் உலை வைக்க? டப்பாக்கள் தீர்ந்துகொண்டே வந்தன, 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதியை அமெரிக்கா நிறுத்திக்கொண்டது, மலிவு போய்விட்டது. மிச்சமிருக்கும் பழைய தோட்டாவிலும் ஒரு தொல்லை உண்டு. அதன் மூட்டுமருந்து வெடித்தபின் குழலுக்குள் ஒருவித உப்பைப் படியவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் துரு பிடிக்கவைக்கும். எண்ணெய்க்கு உப்பு கரையாது, தண்ணீர்தான் வேண்டும். ஆகவே சுட்டு முடித்ததும் குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, பிறகு எண்ணெய் போட வேண்டும். நம்மூரில் எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் வெந்நீர். இங்கே ரைபிளுக்கு முறை தலைகீழ்.

மற்றவற்றையும் பார்த்துவிடலாம். ஜெர்மன் மௌசர் அருமையான கருவி. ஆனால் அதன் முத்திரைகளுக்காகச் சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். ஸ்வீடன் மௌசரும் சுவிட்சர்லாந்தின் கே-31-ம் குறி தவறாதவை என்று பெயர் எடுத்தவை. அவற்றின் தோட்டாக்கள் நல்ல தரம், ஆனால் எல்லாக் கடையிலும் இருக்காது. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தோட்டா எங்கும் கிடைக்கும். ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தவற்றில் 8,00,000-க்குக் கீழே வரிசை எண் உள்ளவற்றின் எஃகைச் சூடேற்றியதில் கோளாறு இருந்தது. சில உடைந்தும் போயிருக்கின்றன. எண்ணைப் படிக்காமல் வாங்கக் கூடாது. அடுத்தது நம் நாட்டுப் போலீசார் தலைமுறை தலைமுறையாகத் தோளில் சுமந்த 'த்ரீ நாட் த்ரீ', லீ-என்ஃபீல்டு. உத்தரப் பிரதேசப் போலீஸ் அதற்கு வழியனுப்பு விழா நடத்தியதே 2020 குடியரசு தினத்தில்தான். போல்ட்டை இழுத்துத் தள்ளும் வேகத்தில் அதற்கு இணை கிடையாது. பழைய பிரிட்டிஷ் சிப்பாய்க்கு நிமிடத்தில் 300 கஜத்தில் 15 குண்டு இலக்கில் பதியவேண்டும் என்பது பயிற்சிக் கணக்கு. ஆனால் .303 தோட்டாவுக்கு இங்கே விலை அதிகம். காலிக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிச் சிக்கனம் பிடிக்கலாம் என்றால், பதுங்குகுழிச் சேற்றுக்கு இடம் விட்டு, தோட்டா உட்காரும் அறையைத் தாராளமாகக் கடைந்திருப்பதால் கூடு நீண்டு சீக்கிரம் விண்டுபோகிறது.

இப்போது என் வேட்பாளர்: வங்காளத்து இஷாபூர் தொழிற்சாலையில் 1960-களில் செய்யத் தொடங்கிய 2ஏ1. 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் .303-ஐப் பிடித்துக்கொண்டுதான் மலையில் நின்றார்கள். அதற்குப் பிறகு, அதே லீ-என்ஃபீல்டு உருவத்தை நல்ல எஃகில் செய்து, 7.62 நேட்டோ தோட்டா சுடும்படி ஆக்கினார்கள். மேகசின் 12 தோட்டா பிடிக்கும். பழைய .303-ன் பார்வைப்பட்டையில் 2,000 கஜம் வரை கோடு போட்டிருந்தது. அந்தத் தூரத்தில் நிற்பவன் ஆளா ஆடா என்றே தெரியாது. 2ஏ1-ல் 800 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். அரசாங்கச் சாமானில் இவ்வளவு அடக்கம் அபூர்வம். முக்கியமான விஷயம், இதே அளவில் .308 என்ற வேட்டைத் தோட்டா 1952 முதல் இங்கே விற்கிறது. மான் வேட்டைக்காரர்கள் உள்ளவரை கடையில் தீராது. த்ரீ நாட் த்ரீயின் கைவேகம், கடைத்தெருவில் கிடைக்கும் தீனி: புங்கனூர் லட்சணம் இரண்டும் சேர்ந்திருக்கிறது.

எதிர்க்கட்சி சும்மா இருக்காது. "இது உலகப் போரைப் பார்க்காத துப்பாக்கி, இதற்கென்ன மதிப்பு?" என்பார்கள். அந்த மதிப்பு இல்லாததால்தானே விலையும் ஏறாமல் இருந்தது. காகித இலக்கு மெடலைக் கேட்டுவிட்டா ஓட்டை விழவிடுகிறது? "கே-31 இதைவிடத் துல்லியம்" என்பது உண்மை. ஆனால் வெறும் இரும்புக் குறிமுள்ளை வைத்து 100, 200 கஜத்தில் சுடுகிறவனுக்குத் துப்பாக்கியின் பிழையைவிடக் கையின் பிழை பெரிது. கை திருந்த வேண்டுமானால் தோட்டா நிறையச் செலவாக வேண்டும். அங்கே மறுபடியும் தீனிக் கணக்குதான் ஜெயிக்கிறது. கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: கடை .308-ம் பட்டாள 7.62-ம் அச்சு அசல் ஒன்றல்ல. அறை அளவிலும் அழுத்தக் கணக்கிலும் வித்தியாசம் இருக்கிறது. லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கமாகப் பூட்டிக்கொள்வது, அழுத்தம் ஏறினால் அதற்கு நல்லதல்ல. இதை நான் தள்ளிவிடவில்லை. வாங்குமுன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து அறையை அளவுகோல் போட்டுப் பார்க்கவேண்டும். 147 அல்லது 150 கிரெயின் எடையுள்ள சாதாரணத் தோட்டாவோடு நிற்கவேண்டும். அளவுக்கு நிற்காத துப்பாக்கியைச் சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது.

இனி அம்மாவின் கேள்வி. "சுட்டுப் பழகத்தான் ஆசை என்றால் என்.சி.சி. பிள்ளைகள் சுடுகிற .22 போதாதா?" என்றால், போதும். புதிதாகத் தொடங்குபவன் அதைத்தான் முதலில் வாங்கவேண்டும். தோள் வலிக்காது, தீனியும் இதைவிட மலிவு. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் .22-ல்தான். பெரிய ரைபிள் அதற்கு அடுத்த வகுப்பு: தூரம் கூடும், காற்று குறுக்கே வரும், உதை வரும் என்ற பயத்தில் கண் மூடும் பழக்கத்தை உதறவேண்டும். "அந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் கூடச் சுடுகிறார்களாமே" என்ற பயத்துக்கு இது முழுப் பதிலாகாது. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்கவேண்டிய ரைபிளும் ஆபத்தான பொருள்தான். அதனால்தான் இரும்புப் பெட்டிக்கும் பூட்டுக்கும் ஆகும் காசைத் துப்பாக்கி விலையோடு சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறேன். அதற்கு இடமில்லாதவன் ரேஞ்சில் வாடகைக்குச் சுட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பலாம்.

கடைசியாக, "அப்படியென்றால் வரும்போது அதைக் கொண்டுவந்து காட்டு" என்று கேட்டுவிடாதீர்கள் நைனா. பட்டாளத்துத் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் நினைத்தான், அதனால்தான் நம்மவர்களுக்கு .315 என்று தனி அளவு வந்தது. அவன் போனபிறகும் அந்த நினைப்பு போகவில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் .303-ம் 7.62-ம் சாதாரண ஜனங்களுக்குத் தடைசெய்த ரகங்கள். இஷாபூரில் நம் தொழிலாளி கடைந்த ரைபிளை ஒஹையோவில் நான் வாங்கலாம், சித்தூரில் நீங்கள் வாங்க முடியாது. அது வெளிநாட்டுக்கு வந்தது வந்ததுதான். திரும்பி வர அதற்கு விசா கிடையாது. எனக்கு அது தேவையில்லை. ஆகவே நான் மட்டும் வருகிறேன், ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் தைரியமாகக் காட்டும்படியான சாமான்களோடு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்